நோயாளியின் குரல் யார் கையில்? செவிலியர் பணியின் அறம்: ஓர் எளிய விளக்கம்

இரவு இரண்டு மணி. வார்டில் விளக்குகள் மங்கலாக எரிகின்றன. காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை என்று குறிக்கப்பட்ட அறுபது வயதுப் பெண்மணி தூங்காமல் மேலே பார்த்தபடி படுத்திருக்கிறார். சர்க்கரை நோயால் அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் அழுகிவிட்டன. அவற்றை அகற்ற வேண்டும். ஒப்புதல் படிவத்தில் மாலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். இரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலியரிடம் மெல்லிய குரலில் சொல்கிறார்: “சிஸ்டர், எனக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம்.”

செவிலியர் என்ன செய்ய வேண்டும்?

“பயப்படாதீர்கள் அம்மா, எல்லாம் நல்லபடியாக முடியும்” என்று கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முப்பது நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர் இருக்கும் வார்டில் ஆறுதல் சொல்வதற்கு நேரம் கிடைப்பதே பெரிது. ஆனாலும் அந்தப் பெண்மணி ஆறுதல் கேட்கவில்லை. ஒரு முடிவைச் சொல்லியிருக்கிறார், அல்லது ஒரு சந்தேகத்தை முடிவைப் போலச் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது என்று கேட்டு அறிந்து, அதை அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரின் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் செவிலியரின் வேலை. நோயாளிக்காகப் பரிந்து பேசுதல் என்று செவிலியர் பாடத்தில் சொல்லப்படுவது இதைத்தான்.

இந்தச் சொற்றொடரைக் கேட்டதும் பலருக்கும் மனத்தில் வரும் படம் வேறு: நோயாளிக்காக மருத்துவரிடம் சண்டை போடும் துணிச்சலான செவிலியர். அப்படியும் சில நேரம் நேரலாம். ஆனால் பரிந்து பேசுவதன் பெரும்பகுதி சத்தமே இல்லாதது. கேட்பது, மீண்டும் கேட்பது, எழுதி வைப்பது, சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்வது.

நம் மொழியிலேயே இதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. நீதிமன்றத்தில் வக்காலத்து என்பது கட்சிக்காரர் கையெழுத்திட்டு வழக்கறிஞருக்குக் கொடுப்பது. அது இல்லாமல் வழக்கறிஞர் அவருக்காக வாய் திறக்க முடியாது. பேச்சு வழக்கில் மட்டும் “அவனுக்காக நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?” என்று, யாரும் கேட்காமலே பரிந்துகொண்டு வருபவரைச் சொல்கிறோம். செவிலியர் நினைவில் வைக்க வேண்டியது முதல் பொருளை. அவர் எடுத்துச் சொல்ல வேண்டியது நோயாளியின் விருப்பத்தை. நோயாளிக்கு எது நல்லது என்று செவிலியர் நினைக்கிறாரோ அது வேறு விஷயம்; அதைத் தம் கருத்தாகத் தனியே சொல்லலாம், நோயாளியின் பெயரில் சொல்லக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. செவிலி என்ற சொல் பழந்தமிழில் வளர்ப்புத் தாயைக் குறித்தது. அகப்பாடல்களில் அறத்தொடு நிற்றல் என்று ஒரு துறை உண்டு. தன் மனத்தில் இருப்பதைத் தலைவி பெரியவர்களிடம் தானே சொல்ல முடியாத நிலையில், தோழி அதைச் செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் சொல்வாள். எத்தனை வாய் மாறினாலும் அந்தச் செய்தியின் சொந்தக்காரி தலைவிதான். ஒருவருடைய விருப்பத்தை, அதை நிறைவேற்றும் அதிகாரம் உள்ளவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அறத்தின் பக்கம் நிற்பது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றைய செவிலியர் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

யாருக்குக் கட்டுப்பட்டவர்?

செவிலியர் நோயாளியின் பக்கம் நிற்க வேண்டும் என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் இந்தப் பணியின் வரலாற்றில் நீண்ட காலம் முதல் நற்பண்பாகக் கருதப்பட்டது கீழ்ப்படிதல்தான். 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயற்றப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். (நவீன செவிலியர் பணிக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதை எழுதியவர் அவர் இல்லை.) மருத்துவரின் பணிக்கு விசுவாசத்துடன் துணை நிற்பேன் என்று அதில் ஒரு வரி வருகிறது. 1953இல் பன்னாட்டுச் செவிலியர் மன்றம் தன் முதல் அறநெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டபோதும், மருத்துவரின் உத்தரவுகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவது செவிலியரின் கடமை என்ற கருத்து அதில் இருந்தது. அறமற்ற செயல்களில் பங்கெடுக்க மறுக்க வேண்டும் என்பதும் உடனே சேர்க்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

1973இல் அந்தத் தொகுப்பு திருத்தப்பட்டபோது இருபது ஆண்டு இடைவெளியின் மாற்றம் ஒரே வாக்கியத்தில் தெரிந்தது: செவிலியரின் முதன்மைப் பொறுப்பு, செவிலியர் பராமரிப்பு தேவைப்படும் மக்களிடம்தான். பொறுப்பு மருத்துவரைவிட்டு நோயாளியிடம் வந்துவிட்டது. 2021இல் வெளியான திருத்தம் வரை அந்த இடம் மாறவில்லை.

ஏன் இந்த மாற்றம் தேவைப்பட்டது? 1966இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. ஹாஃப்ளிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவமனைகளில் நடத்திய சோதனை அது. பணியில் இருந்த செவிலியருக்கு முன்பின் அறியாத ஒரு மருத்துவரிடமிருந்து தொலைபேசி வரும். குறிப்பிட்ட மருந்தை ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் கொடுக்கும்படியும், தாம் பிறகு வந்து கையெழுத்திடுவதாகவும் அவர் சொல்வார். மருந்துப் பெட்டியின் மேல் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். தொலைபேசியில் மருந்து உத்தரவு வாங்குவதும் விதிக்கு மாறானது. பெட்டியில் இருந்தது தீங்கற்ற போலி மருந்துதான். ஆனால் அது செவிலியருக்குத் தெரியாது. 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். வழியில் அவர்களைத் தடுத்து உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஆய்வின் வலியான பகுதி இதுவல்ல. இதே சூழலை விவரித்து, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறொரு குழுவிடம் கேட்டார்கள். 12 செவிலியரில் 10 பேரும், 21 மாணவியர் அனைவரும் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும்போது நாம் எல்லோருமே அப்படித்தான் சொல்வோம். பணியின் நடுவே, தனியாக, மறுமுனையில் அதிகாரத்தின் குரல் ஒலிக்கும்போது அந்த உறுதி எங்கோ போய்விடுகிறது.

1977இல் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையை இரண்டு மாற்றங்களோடு செய்தார்கள். செவிலியருக்கு நன்கு பழக்கமான மருந்து; பக்கத்தில் இருப்பவரைக் கலந்து பேச வாய்ப்பு. இம்முறை 18 பேரில் இரண்டு பேர் மட்டுமே மருந்தைக் கொடுக்க முன்வந்தார்கள். துணிச்சல் பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அறிவும், கேட்டுக்கொள்ள ஒரு துணையும் இருந்தால் சாதாரண மனிதர்களும் “பொறுங்கள், இது சரியில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள்.

நான்கு கொள்கைகளும் ஒரு செவிலியரின் கதையும்

மருத்துவ அறத்தில் நான்கு கொள்கைகளை முதலில் கற்றுக்கொடுப்பார்கள். தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. இவை நான்கும் ஒன்றாகச் சேர்த்து வைக்கப்பட்டது 1970களின் இறுதியில்தான். தீங்கு செய்யாமையும் நன்மை செய்தலும் மருத்துவத்தோடு பிறந்தவை. நோயாளியின் சம்மதம் என்பது மட்டும் பெரும் துயரங்களுக்குப் பிறகே எழுதி வைக்கப்பட்டது. சிறை முகாம்களில் மனிதர்கள்மேல் பரிசோதனை நடத்திய நாஜி மருத்துவர்கள்மீதான வழக்கின் தீர்ப்பில், 1947இல், நியூரம்பர்க் நெறிகள் என்று பத்து விதிகள் வகுக்கப்பட்டன. அதில் முதல் விதியே, பரிசோதனைக்கு உட்படுபவரின் சொந்த விருப்பத்துடனான சம்மதம் இன்றியமையாதது என்பது.

அந்த விதி எழுதப்பட்ட அதே காலத்தில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற இடத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1932இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்கு மேகப்புண் (சிபிலிஸ்) நோய் இருந்தது. சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் எப்படி முற்றும் என்று பார்ப்பது ஆய்வின் நோக்கம். அந்த ஆண்களிடம் அதைச் சொல்லவில்லை. உங்களுக்குக் கெட்ட இரத்தம், அதற்குச் சிகிச்சை தருகிறோம் என்றார்கள். 1940களில் பென்சிலின் இந்நோயைக் குணப்படுத்தும் என்று உறுதியான பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. செய்தி நாளிதழ்களில் வெளிவந்த பிறகு 1972இல்தான் ஆய்வு நின்றது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

செவிலியர் பணிக்கு வருபவர்கள் இந்த வரலாற்றில் மருத்துவர்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அங்கே யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர் இருந்தார். அவரும் கறுப்பினப் பெண். ஆய்வின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் அதில் பணியாற்றினார். அந்த ஆண்களைத் தம் வாகனத்தில் பரிசோதனைக்கு அழைத்துவருவார், வீடு தேடிப் போவார், குடும்பத்தாரோடு பழகுவார். மருத்துவர்கள் வந்து போனார்கள். அவர் மட்டும் மாறாமல் இருந்தார். அந்த ஆண்கள் ஆய்வில் அத்தனை ஆண்டுகள் தொடர்ந்ததற்கு அவர்மேல் வைத்த நம்பிக்கையும் முக்கியக் காரணம்.

அவரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் அந்த ஏழைகளுக்கு வேறு யாரும் காட்டாத பரிவை அவர் காட்டினார். அதுதான் இந்தக் கதையை இத்தனை கனமாக்குகிறது. பரிவு இருந்தது, நன்மை செய்கிறோம் என்ற எண்ணமும் இருந்தது. உண்மையைச் சொல்வதும், சம்மதம் கேட்பதும், தீங்கைத் தடுப்பதும் இல்லை. கனிவான ஒரு மனம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. கொள்கைகள் நான்கையும் ஏன் சேர்த்தே வைக்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இனி அந்த நான்கும் அன்றாட வார்டில் எப்படி வருகின்றன என்று பார்ப்போம்.

முடிவெடுக்கும் உரிமை என்றால் கையெழுத்து என்று பலர் எண்ணுகிறார்கள். கையெழுத்து, நடந்து முடிந்த ஓர் உரையாடலின் அடையாளம். உரையாடல் நடக்காமல் கிடைத்த கையெழுத்துக்கு அறத்தின் கண்ணில் மதிப்பில்லை. என்ன சிகிச்சை, எதற்காக, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பவற்றை விளக்குவது சிகிச்சை செய்யும் மருத்துவரின் பொறுப்பு. நோயாளிக்கு அது புரிந்ததா, கட்டாயம் இல்லாமல் சம்மதித்தாரா என்று கவனிப்பது செவிலியருக்கும் உரியது. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். “நாளை என்ன செய்யப் போகிறார்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், பார்க்கலாம்” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். கொடுத்த சம்மதத்தைக் கடைசி நிமிடத்திலும் திரும்பப் பெறலாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவெடுக்கும் திறன் நோயாளிக்கு இருக்கிறதா என்ற கேள்வி வந்தால் நான்கைப் பார்ப்பார்கள். சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும் வரை அதை நினைவில் வைக்கிறாரா, சாதக பாதகங்களை எடைபோடுகிறாரா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்கிறாரா. மருத்துவர் சொல்வதற்கு மாறான முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒத்துக்கொள்ளும்போது தெளிவாக இருந்தவர் மறுக்கும்போது மட்டும் குழம்பியவராக எப்படி ஆவார்?

தீங்கு செய்யாமை கேட்பதற்கு எளிது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது அதில் அடங்கும். அசைய முடியாதவரைக் குறித்த நேரத்தில் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண் வராமல் காப்பதும் அடங்கும். கடினமான பகுதி, தவறு தம் கையாலேயே நேர்ந்துவிடும்போது வருகிறது. தவறான மருந்தைக் கொடுத்துவிட்டோம் என்று உணர்ந்த நொடியில் அதைச் சொல்லிவிடுவதுதான் தீங்கைக் குறைக்கும் ஒரே வழி. சொல்பவரைத் தண்டிக்கும் மருத்துவமனையில் தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மறுபடியும் நேரும்.

நன்மை செய்தலும் தீங்கு செய்யாமையும் மோதிக்கொள்ளும் இடங்களும் உண்டு. கடைசிக் கட்ட நோயாளியின் வலிக்கு மார்பின் கொடுக்கும்போது மூச்சு மந்தமாகுமே என்று புதிய செவிலியர்கள் தயங்குவார்கள். நோக்கம் வலியைத் தணிப்பது, அளவு வலிக்கு ஏற்றது, மூச்சைத் தொடர்ந்து கவனிக்கிறோம் என்றால் அதில் அறக்கேடு இல்லை. தயக்கத்தால் ஒரு மனிதரை வலியில் துடிக்க விடுவதும் ஒரு தீங்குதான்.

நீதி என்றதும் பெரிய கொள்கை முடிவுகள் நினைவுக்கு வரும். வார்டில் நீதி என்பது செவிலியரின் நிமிடங்கள். அழைப்பு மணியைத் திரும்பத் திரும்ப அடிப்பவருக்கும், உறவினர் கூட்டம் சூழ்ந்திருப்பவருக்கும் கவனம் தானாகவே போய்விடும். மூலைக் கட்டிலில் யாரும் இல்லாமல் படுத்திருப்பவர், மொழி தெரியாதவர், குடித்துவிட்டு விழுந்து வந்தவர், முன்பு முரட்டுத்தனமாகப் பேசியவர் ஆகியோருக்கு அது போவதில்லை. யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கு நேரத்தைக் கொடுப்பதே நீதி. குரல் குறைந்தவர்களுக்காகவே பரிந்து பேசுதல் அதிகம் தேவைப்படுகிறது.

“அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்”

இந்த நான்கோடு உண்மை பேசுதல், வாக்குத் தவறாமை, இரகசியம் காத்தல் ஆகியவற்றையும் சேர்ப்பார்கள். இரகசியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சையில் பங்கில்லாதவரிடம் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது, மின்தூக்கியிலும் கூடாது, சமூக ஊடகத்திலும் கூடாது. குழந்தைமீதான கொடுமை, பிறர் உயிருக்கு ஆபத்து, சட்டப்படி தெரிவிக்க வேண்டிய தொற்று போன்றவை விதிவிலக்கு.

உண்மை பேசுதல்தான் செவிலியரை மிகவும் அலைக்கழிப்பது. முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியாகிறது. மகன் செவிலியரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, “அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர், தாங்க மாட்டார்” என்று கலங்குகிறார். அன்று மாலையே அந்த முதியவர் தனியாக இருக்கும்போது கேட்கிறார்: “எனக்கு என்னம்மா வியாதி? யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்களே.”

நோயின் பெயரை முதன்முதலாக அறிவிப்பது மருத்துவரின் வேலை. செவிலியர் அவசரப்பட்டு உடைத்துவிடக் கூடாது. அதற்காக “ஒன்றுமில்லை ஐயா, சாதாரணக் கட்டிதான்” என்று பொய் சொல்லவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உட்கார்ந்து, “உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்கலாம். “எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது மகனிடம் பேசிக்கொள்ளட்டும் என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்கலாம். சில நோயாளிகள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. முடிவை மகளிடமோ மகனிடமோ ஒப்படைத்துவிடுவார்கள். அதுவும் அவர்களுடைய முடிவுதான், அதையும் மதிக்க வேண்டும். ஆனால் அந்த ஒப்படைப்பை நோயாளி செய்ய வேண்டும், மற்றவர்கள் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிய வேண்டும் என்று அவர் சொன்னால், அதை மருத்துவரிடம் அன்றே தெரிவித்து, மகனிடமும், “உங்கள் அப்பா கேட்கிறார். நாம் மறைத்தால் அவர் தனியாகவே பயந்துகொண்டிருப்பார்” என்று எடுத்துச் சொல்ல வேண்டும். மகனை எதிரியாகப் பார்க்க வேண்டாம். அவர் கலக்கமும் அன்பிலிருந்து வருவதுதான்.

எப்படிப் பேசுவது?

நல்ல எண்ணத்தோடு பேசியும் பயனற்றுப் போவதற்கு முக்கியக் காரணம் சொல்லும் விதம். அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசியில், “டாக்டர், ஏழாம் கட்டிலில் இருப்பவர் கொஞ்சம் சரியில்லாமல் இருக்கிறார்” என்றால், “காலையில் பார்க்கலாம்” என்ற பதில்தான் வரும். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட ஒரு முறையை மருத்துவமனைகள் எடுத்துக்கொண்டன. நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற வரிசையில் பேசுவது அது. அதே அழைப்பு இப்படி மாறும்:

“டாக்டர், ஏழாம் கட்டில் நோயாளிக்கு நாடித்துடிப்பு 92இலிருந்து 128 ஆகிவிட்டது, இரத்த அழுத்தம் 90க்கு 60. நேற்று வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தவர். கடந்த மூன்று மணி நேரத்தில் சிறுநீர் 40 மில்லிலிட்டர்தான் போயிருக்கிறது. உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று அஞ்சுகிறேன். நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.”

இந்த அழைப்பைத் தட்டிக்கழிப்பது கடினம். கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் பலர் கூசுகிறார்கள். கணிப்பையும் கோரிக்கையையும் விட்டுவிட்டு எண்களை மட்டும் ஒப்பித்து, மருத்துவரே புரிந்துகொள்வார் என்று நம்பிவிடுகிறார்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் புரிந்துகொள்ளாமலும் போகலாம்.

முதல் முறை சொல்லியும் கேட்கவில்லை என்றால் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டலாம். “எனக்குக் கவலையாக இருக்கிறது.” “இதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை.” “இது நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது, நிறுத்துங்கள்.” குரலை உயர்த்தாமலே இம்மூன்றும் ஏறும் படிகள். அதற்கும் பலன் இல்லையென்றால் வார்டுப் பொறுப்புச் செவிலியர், செவிலியர் கண்காணிப்பாளர், மூத்த மருத்துவர் என்று மேலே போக வேண்டும். அப்படி மேலே போவது யாரையும் காட்டிக்கொடுப்பதாகாது. ஒவ்வொரு படியிலும் நேரம், யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று நோயாளியின் பதிவேட்டில் எழுத வேண்டும். மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று எழுத வேண்டாம். 3.10க்குத் தெரிவிக்கப்பட்டது, காலையில் பார்ப்பதாகப் பதில் என்று எழுதினால் போதும்.

சரி எதுவென்று தெரிந்தும் செய்ய முடியாமல் போகும் நேரங்களும் வரும். ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், நிர்வாகத்தின் அழுத்தமாக இருக்கலாம். நிறுவனத்தின் தடைகளால் சரியானதைச் செய்ய முடியாதபோது எழும் அந்த வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் 1984இல் அறத் துயர் என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். பெயர் கிடைத்ததே ஒரு நிம்மதி. நான் பலவீனமானவள் என்று தனக்குள் குமைந்துகொண்டிருந்த செவிலியருக்கு, இது பணிச்சூழலின் கோளாறும்கூட என்று பிறரோடு பேச வழி பிறந்தது. எத்தனையோ நல்ல செவிலியர்கள் இந்தத் துயர் தாங்காமல் பணியை விட்டே போகிறார்கள். தனி மனிதர்களின் துணிச்சலை மட்டும் நம்பி நடக்கும் மருத்துவமனை அவர்களை இழந்துகொண்டேயிருக்கும்.

2017 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். விபத்தில் தீக்காயம் பட்டு நினைவிழந்து கிடந்த ஒருவரின் இரத்தத்தை எடுத்துத் தரும்படி காவல் அதிகாரி கேட்டார். நோயாளி கைதானவர் இல்லை. நீதிமன்ற உத்தரவு இல்லை. சம்மதம் தர அவருக்கு நினைவும் இல்லை. பணியில் இருந்த செவிலியர் அலெக்ஸ் வபல்ஸ் மறுத்தார். மறுத்த விதம்தான் கவனிக்கத்தக்கது. மருத்துவமனை விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். மேலதிகாரியைத் தொலைபேசி இணைப்பில் வைத்திருந்தார். எப்போது இரத்தம் எடுக்கலாம் என்ற மூன்று நிபந்தனைகளையும் நிதானமாகப் படித்துக் காட்டினார். அதிகாரி அவருக்கு விலங்கிட்டு இழுத்துச் சென்றார். பிறகு குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவித்தார்கள். காணொளி வெளியான பின் அந்த அதிகாரி பணிநீக்கம் செய்யப்பட்டார். வபல்ஸுக்கு 5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. அன்று அவர் தனி ஆளாக நிற்கவில்லை. எழுதப்பட்ட விதி ஒரு பக்கமும் மேலதிகாரியின் குரல் மறுபக்கமும் இருந்தன. 1977இல் அந்தச் சோதனையில் செவிலியருக்குக் கிடைத்த அதே துணை.

மறுபடியும் இரவு இரண்டு மணி

அந்தப் பெண்மணியிடம் திரும்புவோம். செவிலியர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். “வேண்டாம் என்று சொல்கிறீர்களே அம்மா, எது வேண்டாம் என்று தோன்றுகிறது?” என்று கேட்கிறார். பதில் பலவாறாக இருக்கலாம். மயக்க மருந்தின் பயமாக இருந்தால் மயக்கவியல் மருத்துவர் வந்து பேச வேண்டும். எல்லாம் புரிந்தே மறுக்கிறார் என்றால் அறுவை சிகிச்சை நிற்க வேண்டும். மறுத்தால் என்ன ஆகும் என்று மருத்துவர் விளக்கிய பிறகும் அவர் மறுத்தால் அதையும் ஏற்று, புண்ணுக்கான மற்றக் கவனிப்பைக் குறையின்றித் தொடர வேண்டும்.

சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொல்கிறார்: “முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்களாமே. பக்கத்துக் கட்டிலில் சொன்னார்கள். கையெழுத்து வாங்கும்போது வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் டாக்டர். திரும்பக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது.”

இரண்டு விரல்கள்தான் என்று செவிலியருக்குத் தெரியும். அந்த ஒரு வரியைச் சொல்லி நிம்மதியாகத் தூங்க வைத்துவிடலாம். ஆனால் புண் மேலே பரவியிருந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அறுவை சிகிச்சை மருத்துவர். “படிவத்தில் விரல்கள் என்றுதான் எழுதியிருக்கிறது அம்மா. ஆனாலும் டாக்டர் வந்து உங்களிடம் மறுபடி முழுவதும் பேசாமல் உங்களை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். நான் சொல்லி வைக்கிறேன்” என்கிறார்.

இரவுப் பணி மருத்துவரிடம் தெரிவிக்கிறார். காலை ஏழு மணிக்குப் பணி மாறும்போது அடுத்த செவிலியரிடம், மற்ற விவரங்களுக்கு முன்பாக இதைச் சொல்கிறார். ஏழரைக்கு அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து ஒரு தாளில் பாதத்தை வரைந்து, எந்த இடத்தில் வெட்டப்படும், எந்த நிலையில் அதற்கு மேலும் போக நேரிடும், அப்படியானால் முதலில் உங்களைக் கேட்போமா மாட்டோமா என்று விளக்குகிறார். அந்தப் பெண்மணி இரண்டு கேள்விகள் கேட்கிறார். மகள் வரும் வரை பொறுக்கலாமா என்பது இரண்டாவது. பட்டியலில் முதலாவதாக இருந்த அவர் பெயர் நான்காவதுக்கு நகர்கிறது.

பதிவேட்டில் இரவுச் செவிலியரின் கையெழுத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. “அதிகாலை 2.05. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி தெரிவித்தார். ‘முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்களாமே’ என்று அவர் கூறினார். பணி மருத்துவருக்கு 2.20க்குத் தெரிவிக்கப்பட்டது, அறுவை சிகிச்சை மருத்துவர் மீண்டும் விளக்கும் வரை அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டாம்.”